அப்பா எழுதாத ஆராய்ச்சிக் கட்டுரை

எண்பதுகளின் நடுப்பகுதியில் கிள்ளானில் நடந்தது இது. நாட்டில் பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம். கோலாலம்பூரில் பாதியில் நின்றுபோன கட்டடங்களில் செடி முளைத்துக் கிடக்கும். தெருவில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "வேலை இருக்கா?" என்பதுதான்.

எனக்கு வேலை இருந்தது. ஆனால் ஒப்பந்த வேலை. கோலாலம்பூருக்குச் சற்று வெளியே ஓர் ஆராய்ச்சிக் கழகத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவில் இருந்தேன். இந்தப் பெயரைச் சொன்னாலே சொந்தக்காரர்கள் கொட்டாவி விடுவார்கள். அதனால் கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், "பப்பாளி ஆராய்ச்சி" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். பொய்யில்லை. பப்பாளிக் காயைக் கீறினால் வடிகிற பால் இருக்கிறதே, ஆட்டுக்கறியில் போட்டால் கறி பஞ்சாக வெந்துவிடும். அந்த வேலையைச் செய்வது பாலில் இருக்கிற ஒரு புரதம். அந்தப் புரதத்தை உண்டாக்கச் சொல்லும் மரபணு எது, அது காயில் எப்போது விழிக்கிறது, எப்போது தூங்குகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. "கறி வேக வைக்கிற சாமானுக்கு இவ்ளோ படிப்பா?" என்று என் அத்தை ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்விதான்.

வீட்டில் அப்பா, அம்மா, நான். அண்ணன் கல்யாணமாகிப் பூச்சோங்குக்குப் போய்விட்டார். அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி எந்தத் தண்டவாளத்தில் போகவேண்டுமோ அதற்கேற்ப நெம்புகோலை இழுத்துப் பாதையைத் திருப்பிவிடுகிற வேலை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் கொஞ்ச காலம் படித்ததோடு அவர் படிப்பு முடிந்தது. ஆங்கிலத்தில் அவருக்குத் தடங்கலில்லாமல் வாசிக்க வருவது ஸ்டேஷன் பெயர்களும் பென்சன் சீட்டில் அச்சாகி வருகிற தன் பெயரும்தான். அம்மாவுக்குப் பின்கட்டில் பப்பாளி மரங்கள். நான் ஆராய்ச்சிக்கு எடுத்துப்போன காய்களில் பாதி அங்கே பறித்தவை. கழகம் தந்த காய்களைவிட எங்கள் வீட்டுக் காயில் பால் அதிகம் என்று அம்மாவுக்கு ஒரு பெருமை.

அந்த வருடம் எங்கள் கழகம் புதுக் கட்டடத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பெட்டிகள் ஓரிடம், மேசைகள் ஓரிடம், வருகிற தபால் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. என் முக்கியமான கட்டுரை அப்போதுதான் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வெளிவரத் தயாராக இருந்தது. தொடர்பு முகவரி கேட்டார்கள். கழகத்து முகவரியை நம்பாமல் கிள்ளான் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டேன். இன்னொன்றும் கேட்டிருந்தார்கள். அடையாள அட்டையில் இருக்கிறபடி என் பெயரை எழுதி அனுப்பியிருந்தேன், அதில் என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் சாய்கோடு போட்டு இரண்டு எழுத்து இருக்கிறதே, அது என்ன என்று கேட்டு எழுதியிருந்தார்கள். 'இன்னாரின் மகள்' என்பதை எப்படி விளக்குவது? அதை எடுத்துவிட்டு மீதியை அப்படியே போடுங்கள் என்று பதில் எழுதினேன். கட்டுரை வந்தது. என் பெயர், பக்கத்தில் அப்பா பெயர், அழகாக அச்சாகியிருந்தது. எனக்கு அதுவே போதும் என்று இருந்தது.

போதாது என்று பிறகுதான் தெரிந்தது.

கட்டுரை வெளிவந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும். இயக்குநர் எங்களை எல்லாம் கூப்பிட்டார். மலாய்க்காரர், அமைதியானவர், யாரையும் கடிந்து பேசி நான் பார்த்ததில்லை. ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் புதுப்பித்துத் தரப் பணம் இல்லை என்றார். எத்தனை கட்டுரை எழுதினோம் என்பதை மட்டும் மேலிடம் இனிப் பார்க்காதாம். நம் கட்டுரையை உலகத்தில் வேறு யார் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்களாம்.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எந்த ஆராய்ச்சிக் கட்டுரையானாலும் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கும். யார் யாருடைய முந்தைய வேலையை வைத்து இதைச் செய்தோம் என்று ஒழுங்காகச் சொல்லியாக வேண்டும். அப்படி உலகத்துப் பத்திரிகைகளில் வருகிற பட்டியல்களை எல்லாம் சேர்த்து, யாரை யார் எடுத்துக் காட்டினார்கள் என்று பெயர் வாரியாக அடுக்கிப் பெரிய பெரிய புத்தகங்களாகப் போடுவார்கள். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்க்கிற வசதி அன்றைக்கு எங்களுக்கு ஏது? புத்தகத்தைப் புரட்டித்தான் தேட வேண்டும்.

எங்கள் நூலகத்தைப் பார்த்துக்கொண்ட மலாய் அக்காவை எல்லாரும் 'காக்' என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு வந்தது. பக்கத்து மேசைச் சீன நண்பருக்கு நல்ல எண்ணிக்கை. எனக்கு வந்த சீட்டில் என் பெயருக்கு நேராக ஒரு சின்ன வட்டம். பூஜ்யம்.

பார்த்ததும் எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. நண்பர் ஆறுதலாக, புத்தகம் லேட்டாக வரும் லா, கவலைப்படாதே என்றார். ஆனால் அவருக்கு மட்டும் எப்படிச் சரியாக வந்தது? தீபாவளி முடிந்ததும் கூட்டம், அதில் முடிவு என்று சொல்லிவிட்டார்கள். வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட வேறொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. நிஜமாகவே ஒருவர்கூடவா படிக்கவில்லை? இத்தனை பெரிய உலகத்தில் பப்பாளிப் பாலைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஓர் ஆள்கூடவா கிடையாது?

அடுத்த சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் நானே நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். எறும்பு வரிசை மாதிரி எழுத்து. காக் ஒரு பூதக்கண்ணாடி கொடுத்தார். என் பெயர் வரவேண்டிய இடத்தைத் தேடினேன். இல்லை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, வேறு மாதிரி எழுதியிருப்பார்களோ என்று அப்படியும் தேடினேன். இல்லவே இல்லை. காக் எனக்காகச் சீனி தூக்கலாகத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அதுவே எனக்கு அழுகையை வரவழைத்தது. பஸ்ஸில் கிள்ளான் வந்து சேரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சில மாதங்களாகவே அப்பா ஒரு மாதிரியாக இருந்தார். தபால்காரர் வரும் நேரத்துக்குக் கேட்டருகே போய் நின்றுகொள்வார். தபால்காரர் அவரைப் பார்த்து, "என்ன டாக்டர், சௌக்கியமா?" என்று ஒருமுறை கேட்டது என் காதில் விழுந்தது. ஏதோ கேலி என்று விட்டுவிட்டேன். இன்னொரு நாள் சாப்பிடும்போது, பென்சன் வாங்குகிற ஆள் வேறு வேலை பார்த்தால் கவர்மெண்ட் பென்சனை நிறுத்திவிடுமா என்று என்னிடம் கேட்டார். எங்கேயாவது ஜாகா வேலைக்குப் போகப்போகிறாரோ, ராத்திரியில் காவல் நிற்கிற வயதா இது என்று எனக்குக் கோபம். அதெல்லாம் வேண்டாம், வீட்டில் இருங்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

சாமிப் படத்துக்கு முன்னால் அவர் நிற்கிற நேரமும் கூடிப்போயிருந்தது. அம்மா, "இந்த மனுசனுக்கு திடீர்னு என்னா பக்தி?" என்று என்னிடம் கண்ணைக் காட்டிச் சிரிப்பார்.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு முறுக்குச் சுடுவதற்காக நான் லீவு போட்டிருந்தேன். அப்பா பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிற பழைய ரயில்வே நண்பரைப் பார்க்கப் போயிருந்தார். தபால்காரர் மணி அடித்தார். கை மாவாக இருந்ததால் அம்மா போய் வாங்கி வந்து, "உங்கப்பாவுக்கு வெளிநாட்டுலேருந்து கடுதாசி வந்திருக்கு" என்று மேசைமேல் வைத்தார். அப்பாவுக்கு வெளிநாட்டில் யார்? கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். தடித்த உறை. ஹங்கேரி நாட்டு ஸ்டாம்பு. முகவரி எங்கள் வீடுதான். பெயர் அப்பாவுடையதுதான். ஆனால் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டிருந்தது.

அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த 'டாக்டர்' என்னை விடவில்லை. பிரித்துவிட்டேன்.

உள்ளே ஒரு கடிதமும் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையும் இருந்தன. கடிதத்தை எழுதியவர் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரங்களை ஆராய்கிறவர். அப்பாவின் பதில் கிடைத்ததாம். அவர் டாக்டர் இல்லை, ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர், வேறு எந்த வேலையும் செய்யவில்லை என்று அதில் படித்து எல்லாரும் திகைத்துப் போனார்களாம். தொந்தரவுக்கும், அலுவலகத்தில் பழைய பட்டியலைப் பார்த்து உறையில் 'டாக்டர்' என்றே போட்டுவிட்டதற்கும் மன்னிக்க வேண்டுமாம். அந்த வீட்டில் பப்பாளியைப் பற்றித் தெரிந்த வேறு யாராவது இருந்தால் இதைக் கொடுத்துவிடுங்கள், நாங்கள் கேட்டிருந்த கட்டுரையை வேறொரு நூலகத்தில் தேடிப் பிடித்துப் படித்துவிட்டோம், எங்கள் வேலைக்கு அது பெரிய உதவி, நாங்கள் எழுதியதை இத்துடன் அனுப்புகிறோம் என்று முடித்திருந்தார்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அப்பா ஹங்கேரிக்குக் கடிதம் எழுதினாரா? கட்டுரையைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்துப் பட்டியலுக்குப் போனேன். அங்கே என் கட்டுரை இருந்தது. தலைப்பு என்னுடையது, பத்திரிகை, பக்க எண் எல்லாம் சரி. ஆனால் எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் முதலில் அப்பாவின் பெயர் முழுசாக நின்றது. அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி. பிறகுதான் நான், ஒற்றை எழுத்தாக. சின்ன வயதில் வீட்டுக்கு ஆள் வந்தால் அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்து நிற்பேனே, அதே மாதிரி.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நமக்குப் பெயர் என்றால் அவரவர் பெயர்தான். அப்பா பெயர் யாருடைய பிள்ளை என்று சொல்வதற்கு. டெலிபோன் புத்தகமானாலும் ஆஸ்பத்திரி அட்டையானாலும் இங்கே என்னை என் பெயரில்தான் தேடுவார்கள். மலாய்க்காரர்களுக்கும் அப்படியே. அதனால் காக்குக்கும் சந்தேகமே வரவில்லை, எனக்கும் வரவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்களுக்கோ கடைசியில் நிற்கிறதுதான் குடும்பப் பெயர். சாய்கோட்டையும் எடுத்துவிடச் சொன்னேனா, அவர்கள் அப்பாவை முன்னால் தூக்கி வைத்துவிட்டார்கள். சீன நண்பருக்குக் குடும்பப் பெயர் உண்டு, அதனால்தான் அவருக்கு மட்டும் சரியாக வந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ராப்பகலாக அந்தப் பாலோடு மல்லுக்கட்டியது நான். கையெல்லாம் அரிப்பெடுத்துத் தோல் உரிந்தது எனக்கு. பெயர் மட்டும் அப்பாவுக்கா?

சாயங்காலம் அப்பா வந்தார். மேசைமேல் பிரித்த உறையைப் பார்த்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. அவரே எழுந்துபோய்ச் சாமிப் படத்தைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் இழுத்து, பின்னால் கையை விட்டு ஒரு கட்டு அஞ்சலட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். எல்லாம் 'டாக்டர்' அப்பாவுக்கு வந்தவை. ஜப்பான், போலந்து, பிரேசில், இந்தியா. அன்றைக்கு அதுதான் வழக்கம். கட்டுரையின் பிரதி வேண்டுமென்றால் அதற்கென்றே அச்சடித்த அட்டையில் தலைப்பை எழுதி, எழுதியவருக்கு அனுப்புவார்கள்.

"எவனோ என் பேருல டாக்டர் வேலை பாக்குறான்மா" என்றார் அப்பா. "கவர்மெண்டுக்குத் தெரிஞ்சா பென்சன நிறுத்திடுவான். நீயும் கவர்மெண்டு சம்பளம் வாங்குற. உன் வேலைக்கும் வந்துடுமேன்னுதான் வாயத் தொறக்கல."

இத்தனை மாதமும் அந்த மனிதர் இதைத்தான் உள்ளே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அட்டை வரவரச் சாமிக்குப் பின்னால் ஒளித்து வைத்து, முன்னால் நின்று கும்பிட்டிருக்கிறார். ஹங்கேரிக்காரர் மட்டும் ஒரு தடவைக்கு இரு தடவையாக அட்டை போட்டதால் பயந்துபோய், பிரிக்ஃபீல்ட்ஸ் நண்பரிடம் போயிருக்கிறார். அவர் ரயில்வே ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர், ஆங்கிலத்தில் புலி. அட்டையை அவரிடமும் காட்டவில்லையாம். முகவரியை மட்டும் எழுத்து எழுத்தாகப் பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோய், "நான் டாக்டர் இல்ல, எந்த வேலையும் செய்யல, இனி ஒண்ணும் அனுப்பாதீங்கன்னு அடிச்சுக் குடுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நண்பர் கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு ஆபீஸ் பாணியில் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அந்த டாக்டர் வேறு யாருமில்லை, நான்தான் என்றேன். பென்சனுக்கு ஒன்றும் ஆகாது என்று பலமுறை சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அதுவரை அடுப்பருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "பத்து மாசம் சொமந்தவ நானு, காய் குடுத்ததும் நானு, பேரு மட்டும் இவருக்கா?" என்று கேட்டார். அப்பா அப்போதுதான் சிரித்தார்.

மறுநாள் காலையில் நூலகம் திறக்கும்போதே வாசலில் நின்றேன். காக்கிடம் சொன்னதும் அவர் அப்பா பெயர் வருகிற புத்தகத்தை உருவி எடுத்தார். இருவரும் குனிந்தோம். இருந்தது! என் கட்டுரை, அதன் கீழே வரிசையாக அதை எடுத்துக் காட்டியவர்கள். அஞ்சலட்டை அனுப்பியவர்களில் சிலர்கூட அங்கே இருந்தார்கள். காக் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். வலித்தது, நன்றாகவும் இருந்தது.

இன்னொரு வேடிக்கையையும் அங்கே பார்த்தேன். அப்பாவின் பெயர் தமிழர்களிடையே சாதாரணமாகப் புழங்குகிற பெயர். அதனால் அந்தப் பத்தியில் வேறு பலரும் இருந்தார்கள். ஒருவர் மாட்டுத் தீவனம், ஒருவர் சிமெண்ட், ஒருவர் கண் நோய். தலைப்பெழுத்து மட்டும் ஆளுக்கொன்று. அவர்களிலும் எத்தனை பேர் என்னைப் போலப் பிள்ளைகளோ? மாட்டைப் பற்றியோ சிமெண்டைப் பற்றியோ ஒன்றும் தெரியாத எத்தனை அப்பாக்கள் இப்படிப் புத்தகத்துக்குள் வந்து வரிசையில் நிற்கிறார்களோ? அதை நினைத்ததும் நேற்றைய ஆத்திரம் எனக்கு எங்கே போனதென்றே தெரியவில்லை.

காக் திடீரென்று சிரிப்பை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். எழுந்துபோய் இன்னொரு புத்தகத்தை எடுத்து வந்து வேறொரு பெயரைத் தேட ஆரம்பித்தார். எங்கள் இயக்குநருடைய அப்பாவின் பெயர் அது. பார்த்தால் பத்தி பத்தியாக இருக்கிறது. முன்பு இயக்குநரைத் தேடியபோதும் அவருடைய சொந்தப் பெயரில் ஒன்றும் கிடைக்கவில்லையாம், அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சீட்டை இழுப்பறையிலேயே வைத்திருக்கிறாராம். இப்போது நீயே போய்ச் சொல் என்று என்னைத் தள்ளிவிட்டார்.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன். முதலில் என் விஷயத்தைச் சொன்னேன். பிறகு அவர் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். தானும் ஒருநாள் யாருமில்லாத நேரத்தில் வந்து தேடிப் பார்த்து, ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போனதாக மெல்லச் சொன்னார். இந்த முறையை மேலிடத்தில் எடுத்துச் சொன்னவரே அவர்தான்.

"என் அப்பா குவாலா சிலாங்கூரில் மீன் பிடித்தவர்" என்றார் ஆங்கிலத்தில். "கையெழுத்துப் போடத் தெரியாது. பெருவிரல் ரேகைதான்."

சொல்லிவிட்டுத் தன் பெருவிரலை அந்தப் பெயருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

தீபாவளி முடிந்து கூட்டம் நடந்தது. அதற்கு முன்பே காக் எல்லாருடைய பெயரையும் இரண்டு விதமாகவும் தேடிப் புதுச் சீட்டுகள் எழுதிவிட்டார். என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். பணம் பற்றாமல் அந்த வருடம் சிலர் போகத்தான் வேண்டியிருந்தது, அந்த வருத்தம் வேறு. ஆனால் யாரும் பெயர் மாறியதால் போகவில்லை.

அப்பாவுக்கு இது அதோடு முடியவில்லை. அந்தப் புத்தகத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்றார். ஒரு சனிக்கிழமை கூட்டிப்போனேன். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, ரயில்வேயில் பிரிவுபசாரத்துக்குக் கொடுத்த கைக்கடிகாரம். காக் அவருக்கு நாற்காலி போட்டுப் பக்கத்தைத் திறந்து வைத்தார். பூதக்கண்ணாடியை வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக் கூட்டித் தன் பெயரை வாசித்தார். பிறகு கீழே இருந்த ஒவ்வொரு வரியையும் காட்டி, இது எந்த ஊர், இது எந்த ஊர் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஹங்கேரி வந்தபோது அங்கே ரயில் உண்டா என்று கேட்டார். நிறைய உண்டு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "நான் பாதையத் திருப்பி விடுவேன், வண்டி போயிடும். எங்க போய்ச் சேர்ந்துச்சுன்னு ஒரு நாளும் யாரும் வந்து எனக்குச் சொன்னதில்லம்மா. உனக்குச் சொல்றாங்க பாரு. நல்ல வேலைதான் உன் வேலை."

அத்தனை வருடம் நான் செய்கிற வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை என்று அலுத்துக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்குக் காக் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அடுத்த கட்டுரையை அனுப்பும்போது நண்பர்கள் எல்லாரும் எனக்கு யோசனை சொன்னார்கள். உன் பெயரைக் கடைசியில் போடு, அல்லது இரண்டையும் ஒட்டிப் போடு, இனிமேலாவது உன் பெயரில் வரட்டும் என்றார்கள். யோசித்துத்தான் பார்த்தேன். பழையபடியே விட்டுவிட்டேன். அம்மாவின் வழக்கும் நியாயமானதுதானே? அதனால் அந்தக் கட்டுரையின் முடிவில், காய்களைத் தந்து உதவியதற்காக நன்றி என்று அம்மாவின் பெயரைப் போட்டேன். வாசித்துக் காட்டியதும், இதையும் யாராவது எண்ணுவார்களா என்று கேட்டார். நன்றியை யாரும் எண்ணுவதில்லை என்றேன். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுக் கறி வெட்டப் போய்விட்டார்.

ஹங்கேரிக்காரருக்கு நானே கடிதம் எழுதினேன். அந்த ரயில்வேக்காரருடைய மகள் நான் என்று ஆரம்பித்து நடந்ததை எல்லாம் சொன்னேன். பதிலில் அவர் தங்கள் ஊர் ரயில் நிலையத்தின் படம் போட்ட அட்டை ஒன்றை அப்பாவுக்குத் தனியாக வைத்து அனுப்பியிருந்தார். அதிலும் 'டாக்டர்' என்றுதான் எழுதியிருந்தார், வேண்டுமென்றே. அப்பா அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

அப்பா போய் வருடங்கள் ஆகிவிட்டன. தடித்த புத்தகங்களும் போய்விட்டன. இப்போது எல்லாம் திரையில், ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும். எப்போதாவது தட்டிப் பார்ப்பேன். எந்த நாட்டிலோ ஆராய்ச்சி செய்கிற யாரோ ஒரு சின்னப் பிள்ளை அப்பாவின் பெயரை எடுத்துக் காட்டி எழுதியிருக்கும். கருத்தரங்குகளில் இன்றைக்கும் வெளிநாட்டுக்காரர்கள் 'டாக்டர்' என்று தொடங்கி அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னை மேடைக்கு அழைக்கிறார்கள். நான் உடனே எழுந்திருப்பதில்லை, முதலில் அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொள்ளட்டும் என்று ஒரு நொடி பொறுத்துத்தான் போகிறேன்.